கை இறங்கிய பிறகு

இடுப்புப் பட்டை அவிழ்ந்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான். மேடையில் நின்று வெறும் காற்றைத் தடவி இசை வரவழைக்கிற ஒரு பெண்ணுக்கு, அரங்கமே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது இடுப்பில் கட்டிய பேட்டரிப் பை நழுவினால் வேறு என்ன செய்யத் தோன்றும்? இரண்டு கைகளையும் சட்டென்று கீழே கொண்டுபோய்ப் பையைப் பிடித்தாள்.

கை இறங்கினால் சத்தமும் இறங்க வேண்டும். அவளுடைய வாத்தியத்தின் முதல் விதியே அதுதான். அவள் போட்டிருந்த கறுப்புக் கையுறைகளில் விரலுக்கு விரல் மெல்லிய கம்பி தைத்திருந்தது. விரல் மடங்கினால் ஒலி தடிக்கும், கை உயர்ந்தால் ஒலி உயரும், கை தாழ்ந்தால் அடங்கிவிடும். இதை வைத்துத்தான் அவளுக்குக் கையுறைக்காரி என்று பெயரே வந்தது. ஆனால் அன்று அவள் குனிந்து பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, சத்தம் தன்பாட்டுக்கு மேலே ஏறியது. அவசரமே இல்லாமல் ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, திருப்தியான பிறகு இறங்கியது.

இப்படி நிதானமாக ஒரு காரியத்தைச் செய்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். அவள் கணவர். வீட்டைப் பூட்டினால்கூட, சாவியைத் திருப்பி, கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டே நின்று, பிறகுதான் உருவுவார். அந்த மனிதர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப் போகிறது.

ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் ஒரு விமர்சகர், 'கலைஞர் தன் கைகளையே துறந்த கணம்' என்று உருகி உருகி எழுதியிருந்தார். பட்டை அவிழ்ந்த கணம் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

காரில் திரும்பும்போது பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கணவரின் தங்கை. பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களுடைய பற்களை மெழுகில் வார்த்துக்கொண்டிருப்பவள், அதற்குச் சமமாகத் தன் வாயையும் ஓயவிடாதவள். அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து, அவர் இடத்தில், அரங்கத்தின் கடைசியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்கு முன்னால் உட்காருவது அவள்தான். ஆரம்பத்தில் ஒரு பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். வேறு வேலை இல்லை.

"பின்னாடி எதையாவது தொட்டியா?" என்று கேட்டாள் கையுறைக்காரி.

"நானா? எனக்கு அதுல என்ன தெரியும் அண்ணி? பட்டனை அமுக்கினேன், உக்காந்தேன்."

"நான் கையை இறக்கிட்டேன். சத்தம் ஏறிடுச்சு."

"ஓ, அப்படியா" என்றாள் நாத்தனார், ஜன்னல் பக்கம் திரும்பி. வழியில் நெரிசலில் குறுக்கே புகுந்த மோட்டார் சைக்கிள்காரனைக்கூட அவள் திட்டாமல் விட்டதுதான் கையுறைக்காரிக்கு உண்மையிலேயே பயத்தைக் கொடுத்தது.

அவளுக்கு வேறொன்றும் உறுத்திக்கொண்டிருந்தது. கணவர் இருந்த காலத்தில் சத்தம் எப்போதும் ஒரு இமைப்பொழுது தாமதமாக வரும். கை போன பிறகுதான் ஒலி போகும். அதைச் சொல்லி அவரை எத்தனை முறை நச்சரித்திருப்பாள்! "மெஷினு கொஞ்சம் யோசிக்க வேணாமா?" என்று சிரித்து மழுப்பிவிடுவார். அவர் போன பிறகு அந்தத் தாமதம் போய்விட்டது. போனதோடு நில்லாமல், சில இடங்களில் சத்தம் முந்திக்கொண்டது. கையை விரிக்கலாம் என்று நினைப்பதற்குள் ஒலி விரிந்திருக்கும். வயதாகிறது, துக்கம் வேறு, கை மந்தமாகிவிட்டது என்று அவளும் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, ஓடி ஓடி அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் நன்றாக ஏறிய பிறகு, பயிற்சி அறையைத் திறந்தாள். ஒரு காலத்தில் சாப்பாட்டு அறையாக இருந்தது. சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சுகிற சாம்பல் நிறப் பஞ்சுப் பலகைகள். சாப்பாட்டு மேஜை மேல் மிக்ஸர். அதற்கு முன்னால் அவருடைய நாற்காலி, உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் அமுங்கிப்போனது. கையுறைகளை மாட்டி, பேட்டரிகளைப் புதிதாகப் போட்டு, மிக்ஸரை உயிர்ப்பித்தாள். பச்சைப் பட்டனை மட்டும் தொடவில்லை.

கையை உயர்த்தினாள். ஒன்றுமில்லை.

விரல்களை மடக்கினாள், உதறினாள், இரண்டு கைகளையும் வீசிக் கோழி விரட்டுகிறவள் மாதிரி அறை முழுக்க நடந்தாள். ஒலிபெருக்கிகள் மூச்சு விடவில்லை. மிக்ஸரின் மேல் குனிந்து பார்த்தாள். வரிசையாகக் கட்டைகள், மேலும் கீழும் தள்ளுகிற விரல் அகலக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் மெஷினுக்குள்ளேயே ஒரு ஒலி, தள்ளினால் அது கூடும், குறையும். ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச். அதன்மேல் ஒட்டியிருந்த காகித நாடாவில் அவர் கையெழுத்தில் 'கை' என்று எழுதியிருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது. அதற்கு மேலேயே, யாரும் தெரியாமல் தட்டிவிடக் கூடாது என்பதுபோல, குறுக்கே இன்னொரு நாடா. பழுப்பேறி, பசை காய்ந்து, ஓரமெல்லாம் அழுக்கு. நேற்றோ போன வருடமோ ஒட்டியதில்லை அது. பல வருடத்து நாடா.

அதை உரித்துவிட்டு சுவிட்சைப் போட்டாள். அவ்வளவுதான், இரும்பு நாற்காலியைத் தரையில் இழுப்பது போல ஒரு அலறல் அறையைக் கிழித்தது. பதறிக் கையை இழுத்தாள், அலறலும் கூடவே வந்தது. சுவிட்சை அணைத்தாள்.

அந்த அலறலை அவள் ஏற்கனவே கேட்டிருக்கிறாள். கையுறைகளோடு அவள் ஏறிய முதல் மேடையில் இதே சத்தம்தான் வந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், யாரோ சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து, இனிமேல் மேடைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று அழுதாள். ஒரு வாரம் அவர் மிக்ஸரோடு மாரடித்தார். பிறகு வந்து, "சரி பண்ணிட்டேன், இப்ப போட்டுப் பாரு" என்றார். போட்டுப் பார்த்தாள். கை அசைந்தது, ஒலி பட்டாக வந்தது. அன்றிலிருந்துதான் அவள் கலைஞி. எத்தனை மேடை, எத்தனை பேட்டி! கல்லூரி கல்லூரியாகப் போய், "என் உடம்புதான் என் வாத்தியம்" என்று பேசியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பவ்யமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கையுறைக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில், எது வந்தாலும் வரட்டும் என்று பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டு, அறைக்கதவு வரை பின்வாங்கிப் போய் நின்றுகொண்டாள்.

முதலில் ஒரு சின்ன முனகல், மோட்டார் முழிக்கிற சத்தம். பிறகு கட்டைகள் நகர்ந்தன. இடது பக்கத்துக் கட்டை மெல்ல மேலே போனது. இன்னொன்று அதற்கு வழிவிடுவது போலக் கீழே வந்தது. யாருமில்லாத நாற்காலிக்கு முன்னால், பட்டப்பகலில், ஒரு ஆளின் பத்து விரல்களும் வேலை செய்துகொண்டிருந்தன. விரல்கள் மட்டும் இல்லை. இசை அறையை நிறைத்தது, அவள் பெயரில் ஊரெல்லாம் வாசித்த அதே இசை. அவள் கைகள் கட்டிக்கொண்டு, அக்குளுக்குள் ஒளிந்து கிடந்தன.

வந்தது பயமா, கோபமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஓடிப்போய் அந்தக் கட்டைகளைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் போகவும் தைரியம் இல்லை. நாத்தனாருக்குப் போன் போட்டு, "இப்பவே வா" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறும் வேலைக்குப் போயிருந்த நாத்தனார், பிளாஸ்டர் மாவு படிந்த மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தாள். நகக்கண்ணிலெல்லாம் ஈறு நிறத்து மெழுகு. மிக்ஸரையும், உரித்துப் போட்ட நாடாவையும், அண்ணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று புரிந்ததும் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி சொன்னார் அண்ணி. கையுறை என்னைக்குமே சரியாகல. நீங்க மேடையில கையை அசைப்பீங்க, அவர் பின்னாடி இருந்து பார்த்துக்கிட்டே இதைத் தள்ளுவார். கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டாராம்."

"என் காதுல நல்லா பூ சுத்தியிருக்காரு."

"அப்படிச் சொல்லாதீங்க. கடைசியா ஒரு ஒத்திகை வெச்சீங்களே, அவருக்கு முடியாம இருந்தப்ப, முழுசா இன்னொரு தடவை பண்ணுன்னு உங்களைக் கெஞ்சினாரே. அன்னைக்குத் தன் கை போற போக்கை எல்லாம் மெஷின்ல பதிஞ்சு வெச்சுட்டார். நான் திரும்பி வர்ற வரைக்கும் இது பார்த்துக்கும், நீ பட்டனை மட்டும் அமுக்கு, அண்ணிகிட்ட மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கினார்."

"அவர் போய் இத்தனை மாசம் ஆச்சு. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

நாத்தனார் தலையை நிமிர்த்தினாள். "திரும்பி வர்ற வரைக்கும்னு சொன்னார். அண்ணன் இன்னும் வரலயே, அண்ணி."

கட்டைகள் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தன. நாத்தனார் எழுந்து போய், கூச்சத்தோடு, நடுக்கட்டையின் மேல் ஒரு விரலை வைத்தாள். அது விரலைத் தள்ளிக்கொண்டு மேலே போனது.

"முதல் தடவை பயந்துட்டேன். அப்புறம் சும்மா விரலை வெச்சுப் பார்த்தேன். சின்ன வயசுல சைக்கிள் கத்துக் கொடுக்கும்போது முதுகுல கை வெச்சுத் தள்ளுவார் பாருங்க, அதே மாதிரி இருக்கு. இருங்க, இப்ப ஒரு இடம் வரும்." விரலடியில் கட்டை ஒரு கணம் துள்ளி, மறுபடி நேரானது. ஒலியில் ஒரு சின்ன விக்கல். "இது அவர் இருமுன இடம்."

கையுறைக்காரிக்கு அந்த விக்கல் தெரியும். அவர் போன பிறகு புதிதாக முளைத்த அழகு என்று நினைத்து, ஒவ்வொரு மேடையிலும் அந்த இடத்தில் மணிக்கட்டை வெட்டித் திருப்பக் கற்றுவைத்திருந்தாள். செத்துக்கொண்டிருந்த கணவரின் இருமலுக்கு அபிநயம் பிடித்திருக்கிறாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.

அடுத்த கச்சேரி நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, நாத்தனாரைக் கூப்பிட்டுச் சொன்னாள். "இந்தத் தடவை நான் கையுறையிலதான் வாசிக்கப் போறேன். பட்டன் வேணாம்."

"அது அலறுமே அண்ணி. மானம் போகும்."

"போனா போகட்டும். இத்தனை வருஷம் நான் வாசிச்சேனா, இல்ல அவர் வாசிச்சதுக்கு நான் ஆடுனேனா? என் கைக்குன்னு ஒரு சத்தம் இருக்கா, இல்லையா? அது தெரியாம நான் எப்படி மேடையேறுவேன்?"

"அப்ப அண்ணன்?"

"அண்ணன் செத்துட்டார்மா."

"அது எனக்குத் தெரியாதா? நான்தானே கடைசியா அவர் முகத்தைத் துடைச்சேன்" என்றாள் நாத்தனார். "பட்டனை அமுக்கலன்னா அந்தக் கை நின்னுடும் அண்ணி. உங்களுக்குக் கச்சேரி. எனக்கு அதை விட்டா வேற என்ன இருக்கு?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு தேநீரைக் குடித்து முடித்தார்கள்.

பயிற்சி படுமோசமாகத்தான் தொடங்கியது. கையுறை அலறியது, கீச்சிட்டது, திடீர் திடீரென்று ஊமையானது. கம்பிகள் பழுது என்றுதான் முதலில் நினைத்தாள். ஒவ்வொரு தையலாகப் பிரித்துப் பார்த்தாள். கம்பிகள் நன்றாகவே இருந்தன. அப்புறம் ஒரு மத்தியானம், கையை நெஞ்சுக்கு நேரே நீட்டி, அசைக்காமல் வைத்துக்கொண்டு கேட்டாள். ஒலி அதிர்ந்துகொண்டிருந்தது. கையை உற்றுப் பார்த்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். பயத்தில் மட்டும் வருகிற நடுக்கம் இல்லை. எப்போதும் இருக்கிற நடுக்கம், பிறவி நடுக்கம். கையுறை பொய் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி ஊருக்கே கேட்கும்படி சொன்னது, அவ்வளவுதான். அவர் அந்த முதல் கச்சேரியன்றே இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். உன் கை நடுங்குகிறது என்று பெண்டாட்டியிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவள் கையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, நடுக்கத்தை மட்டும் விட்டுவிட்டு வாசித்திருக்கிறார்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்று அமுங்கிய நாற்காலியைப் பார்த்துத் திட்டினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடியா முழுகிப்போயிருக்கும்?" தன்னை இவ்வளவு கவனித்துப் பார்த்த ஒருவர், தன்னை ஏமாற்றவும் செய்தார் என்பதை எந்தப் பக்கம் வைப்பது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. கையை மறுபடி நீட்டினாள்.

கச்சேரி ஒரு பழைய கிடங்கில். புதிதாக வெள்ளையடித்த வாசனை. மாலை ஆறு மணிக்கே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. கையுறைக்காரி தானே பின்னால் போய், கட்டைகளிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகிற வயரைப் பிடுங்கி, 'கை' சுவிட்சைப் போட்டாள். "நீ சும்மா உக்காந்தா போதும்" என்றாள். நாத்தனார் நாற்காலியை மிக்ஸருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மேடையில் ஏறிக் கையை உயர்த்தினாள். கரகரத்துக்கொண்டு ஒலி எழுந்தது. அது பட்டு இல்லை. முன்வரிசையில் ஒருவர் முகம் சுளித்தார். ஓரத்தில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவள் கையை இறக்கவில்லை. விரல் நடுங்க ஒலி நடுங்கியது, மூச்சு வாங்க அதுவும் வாங்கியது. இமைப்பொழுது தாமதமும் இல்லை, முந்தலும் இல்லை. கையும் சத்தமும் ஒன்றாகவே இருந்தன. அழகாக இருந்ததா என்றால் இல்லை. ஆனால் அவளுடையதாக இருந்தது. அந்த நிச்சயம் வந்ததும் அவளுக்குப் பயம் விட்டுப்போனது. கிடங்கும் மெல்ல அமைதியானது.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். கடைசியில், மிக்ஸர் மேலிருந்த குட்டி விளக்கின் வெளிச்சத்தில், நாத்தனாரின் கை தெரிந்தது. அது மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. பட்டனை அமுக்கியிருக்கிறாள். வயர் இல்லாத கட்டைகள் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவள் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அண்ணன் தள்ளுகிற இடமெல்லாம் போய்க்கொண்டிருக்கிறாள்.

கையுறைக்காரிக்குக் கோபம் வரவில்லை. இவள் கை தாழும்போது அந்தக் கை உயர்ந்தது. இவள் விரைந்தபோது அது நின்று நிதானித்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளும் கணவரும் வேறு வேறு இசையை வாசித்தார்கள், ஒன்று கேட்டது, ஒன்று கேட்கவில்லை. அவளுடையது முதலில் முடிந்தது. கையை இறக்கினாள். கரகரப்பு அடங்கியது.

கைதட்டலாமா வேண்டாமா என்று கூட்டம் தயங்கியது. வணங்கிவிட்டுப் போயிருக்கலாம். பின்னால் அந்தக் கை இன்னும் நிற்கவில்லை. அவள் அப்படியே நின்று அதைப் பார்த்தாள். சத்தமில்லாததால் அதை அவளால் நன்றாகப் படிக்க முடிந்தது. இது நான் வலது கையை விரிக்கிற இடம். இது நான் களைத்துப்போய்க் கையைத் தொங்கவிட்ட இடம், அவர் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார். இதோ, நான் மறுபடி தொடங்கிவிட்டேன், கூடவே வருகிறார். அந்தக் கை பார்த்துக்கொண்டிருந்தது அவளைத்தான். அந்தச் சாப்பாட்டு அறையில், அவர் கெஞ்சலுக்கு முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கை உயர்த்திய பழைய அவளை. இவ்வளவு நாளும் யாராவது அவளைப் பார்த்தார்களா என்று கேட்டால், பார்த்தார்கள். இன்னமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் அந்த மௌனத்தையும் கச்சேரி என்றே எண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. அடியில் வந்து நின்றது. நாத்தனார் கண்ணைத் திறந்து, விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் முடித்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் கையுறைக்காரி குனிந்து வணங்கினாள்.